இடுப்பில் நிற்கும் விலங்கு

காலையில் அந்த இடுக்கில் ஒரு தாள்கூட நுழையவில்லை. மதியம் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது.

வெற்றிவேல் மேஸ்திரி விரல்களை உருவிக்கொண்டு மறுபடியும் குனிந்து பார்த்தார். மேலே சிமெண்டு விலங்கின் முதுகோட்டின் முன் விளிம்பு, கீழே முன்னங்காலின் தலை, இரண்டுக்கும் நடுவில் வெளிச்சம். ஒரு வாரமாக இப்படித்தான். கால் மண்ணில் இறங்குகிறதோ என்று டியூபில் தண்ணீர் விட்டு மட்டம் பார்த்தார். கால் இருந்த இடத்திலேயே இருந்தது. வெயிலில் சிமெண்டு விரியும்தான். ஆனால் இந்த நீளத்துக்கு மயிரிழை அளவு விரிந்தால் அதிகம். உள்ளே இருக்கும் கம்பியும் ஏறக்குறைய அதே அளவு விரியும் என்பதால்தான் இரண்டையும் சேர்த்து மனிதர்கள் வீடு கட்ட முடிகிறது. இரண்டு விரல் இடைவெளிக்கு அதில் எல்லாம் விடை இல்லை.

"மூச்சு வுடுது மேஸ்திரி," என்றார் பிச்சைமுத்து. அவர் பூங்காவின் காவலாளி. மலைமேல் தினையும் சாமையும் போடுகிறவர், விதைப்பு இல்லாத மாதங்களில் கீழே இறங்கி இந்த வேலைக்கு வருவார். ஓட்டுக்கு இருபதடி தள்ளித்தான் நிற்பார், கிட்டே வரமாட்டார்.

"சிமெண்டு எங்கியாவது மூச்சு வுடுமாய்யா?"

"அப்ப நீயே சொல்லு. இன்னாத்துக்கு அது தொறந்து தொறந்து மூடுது?"

வெற்றிவேல் மறுபடி இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தார். ஓட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி தைலம்மாளின் குரல் வந்தது. "ஏங்க, ரெண்டு பேரும் மூச்சு வுட்டது போதும். சாந்து இறுகுது, ஒரு சட்டி குடுங்க."

கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் ஒருவர் தன் தோப்பைப் பூங்காவாக மாற்றிக்கொண்டிருந்தார். அழிந்துபோன விலங்குகளை அசல் அளவில் செய்து வைக்க வேண்டும், பிள்ளைகள் வந்து பார்க்க வேண்டும் என்பது ஆசை. படம் வரைந்து கொடுத்தது சங்கராபுரத்தில் விலங்கியல் நடத்தும் கோகிலவாணி டீச்சர். செய்கிறவர் மணலூர்பேட்டைப் பக்கத்து வெற்றிவேல். ஊர் எல்லைகளில் நிற்கும் சுதைக் குதிரைகளும் வீரன்களும் அவர் கைவேலை.

இப்போது செய்துகொண்டிருந்தது கிளிப்டோடான். அமெரிக்கக் கண்டங்களில் ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்புவரை வாழ்ந்த விலங்கு. பாலூட்டி, புல் தின்னி, சிறிய கார் அளவு. முதுகில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலும்புச் சில்லுகள் ஒன்றோடொன்று கோத்து ஒரே கவிழ்த்த அண்டாபோல நிற்கும். அதன் இன்றைய உறவான ஆர்மடில்லோவுக்கு ஓட்டின் நடுவில் மடிப்புகள் உண்டு, உடம்பு வளையும். இதற்கு மடிப்பே கிடையாது.

"எங்க மலையில எறும்பு தின்ற அழுங்கு இருக்குதே, அது மாதிரி சுருண்டுக்குமா?" என்று முதல் நாள் பிச்சைமுத்து கேட்டிருந்தார்.

"சுருளாதுங்க. எதிரி வந்தா அப்படியே உக்காந்துக்கும். ஓட்டோட விளிம்பு தரையில படிஞ்சிரும். உள்ள ஒண்ணும் நுழைய முடியாது," என்றாள் கோகிலவாணி.

"உள்ள மாட்டுனது வெளிய வர முடியுமா?" என்றார் அவர். டீச்சர் சிரித்துவிட்டாள்.

அந்த ஓடு எப்படி நின்றது என்பது முக்கியம். ஊர்க் குதிரைகளின் வயிற்றுக்குக் கீழே ஒரு தூண் இருக்கும். அதைத் தாமரையாகவோ சேவகனாகவோ செய்து மறைத்துவிடுவார்கள். பாதிப் பாரம் அதில்தான். இங்கும் வெற்றிவேல் அப்படி ஒரு தூண் வைக்கப் பார்த்தார். டீச்சர் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஓட்டுக்குள் புகுந்து நிமிர்ந்து பார்க்க வேண்டும், தூண் குறுக்கே நிற்கக் கூடாது என்றாள். அந்த விலங்குக்கு இடுப்பெலும்பும் ஓடும் ஒட்டியிருக்கும், பாரத்தின் பெரும்பகுதி பின்னங்கால்களில் இறங்கும், முன்னங்காலில் கம்மிதான் என்று எலும்புப் படத்தையும் காட்டினாள். அப்படியே செய்தார்கள். பின்னங்கால்கள் உரல்போலப் பருத்தவை. அவற்றின் தலையில் குறுக்காக ஓர் இரும்புக் குழாய், குழாயின் மேல் ஓடு. தலையும் வாலும் ஓட்டோடு சேர்ந்த ஒரே துண்டு. முன்னங்கால்கள் மெல்லியவை, உள்ளே கோழிவலையும் கொஞ்சம் சாந்தும்தான். ஓட்டின் முன் விளிம்பு அவற்றின் மேல் சும்மா உட்காரும்.

கடைசியில் கால்களையும் ஓட்டையும் கம்பி முறுக்கி, சாந்து அடைத்துப் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டைத்தான் வெற்றிவேல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அசைகிற இடத்தைப் பூசினால் பூச்சு வெடிக்கும். ஏன் அசைகிறது என்று தெரியாமல் எதைப் பூசுவது?

இன்னொரு காரியமும் அவர் செய்திருந்தார். சுதைக்காரர்களுக்கு ஒரு கட்டு உண்டு. உருவத்துக்குக் கண் திறக்கும் நாள் வரை முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும். மனிதர் மேல் விழுந்தால் அந்த ஆள் தங்கமாட்டார். வெற்றிவேலின் அப்பா ஒரு வீரன் சிலையின் துணியைக் காற்றில் விலகவிட்டு, அந்தப் பக்கமாக வந்த ஆடு மேய்ப்பவர் அதே வாரம் செத்துப்போனதைச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அதனால் வெற்றிவேல் இந்த விலங்கின் தலையையும் கழுத்தையும் வைக்கோல் வைத்து, சாக்கு சுற்றி, மறுபடி வைக்கோல், மறுபடி சாக்கு என்று மொத்தமாகக் கட்டி, தேங்காய் நார்க் கயிற்றால் இறுக்கியிருந்தார். மற்ற இடங்களில் ஈரம் காக்க ஒரே ஒரு சாக்குதான்.

"இது சாமி இல்லண்ணா," என்றாள் டீச்சர்.

"கண்ணு வச்சா எல்லாம் ஒண்ணுதான் டீச்சர்."

ஞாயிற்றுக்கிழமை திறப்பு. வெள்ளிக்கிழமை மதியம் உள் பூச்சு முடியும் தறுவாயில் இருந்தது. உள்ளே குனிந்து வேலை செய்யும் உடல்வாகு தைலம்மாளுக்குத்தான். வழி ஒன்றே ஒன்று, கழுத்துக்குக் கீழே, இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில். பின்பக்கம் கால்களுக்கு நடுவே வலை கட்டிப் பூசி அடைத்தாகிவிட்டது. வாலின் அடியில் மட்டும் லைட் ஒயருக்காக ஒரு கை நுழையும் ஓட்டை. பிள்ளைகள் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று உள்ளே தரையைத் தோண்டிப் பள்ளமாக்கியிருந்தார்கள்.

மலைமேல் இருட்டிக்கொண்டு வந்தது. காற்று நின்றது. கோகிலவாணி ஸ்கூட்டியைப் புளியமரத்தடியில் நிறுத்தும்போது முதல் துளிகள் விழுந்தன. துளி என்று சொல்ல முடியாது, கல்லெறிந்ததுபோல் விழுந்தது.

"தைலா, வெளிய வா! மழ வருது!"

"இந்த மூலயில ஒரு கைப் பூச்சு இருக்குது. வுட்டா நாளைக்குத் திட்டுத் திட்டா தெரியும். எனக்கென்ன, மேல இவ்ளோ பெரிய குட இருக்குது!"

மூவரும் தகரக் கொட்டகைக்கு ஓடினார்கள். மழை தோப்பை மறைத்தது. கொஞ்ச நேரத்தில் வெற்றிவேல் ஒரு சத்தம் கேட்டார். நறநறவென்று, பல்லைக் கடிப்பதுபோல். அவர் எழுந்து நின்றார். ஓட்டின் முன்பக்கம் மெல்லத் தலையாட்டியது. பிறகு படார் என்று இடது முன்னங்கால் வெடித்தது, உடனே வலது கால். சாக்குப் பொதியாக இருந்த தலை ஒரே அமுக்கில் கீழே இறங்கியது. சேறு இரண்டு பக்கமும் தெறித்தது.

உள்ளே தைலம்மாள் வீறிட்டாள்.

வெற்றிவேல் ஓடிப்போய் விழுந்தார். வழி இல்லை. விளிம்பு சேற்றில் படிந்திருந்தது. டீச்சர் சொன்னதுபோலவே விலங்கு உட்கார்ந்துகொண்டது.

"தைலா! அடி பட்டுதா?"

"இல்ல... கால் வழுக்கிச்சு. ஏங்க, வழி எங்க? வழி காணமே!"

பிச்சைமுத்து கொட்டகையில் ஒயரைப் பிடுங்கினார். உள்ளே பல்பு அணைந்தது. ஈரத்தில் கரண்டு இருக்கக் கூடாது, அது சரிதான். ஆனால் இருட்டானதும் அவள் இன்னும் பெரிதாகக் கத்தினாள். தோப்பின் மேட்டிலிருந்து வந்த தண்ணீர் விளிம்புக்குக் கீழே, மனிதர் நுழைய முடியாத சந்துகளில், சுலபமாக நுழைந்துகொண்டிருந்தது. உள்ளே பள்ளம். வெளியே கணுக்கால் அளவு என்றால் அவளுக்கு அங்கே முழங்கால்.

கோகிலவாணி போனில் கிரேன்காரரைப் பிடித்தாள். கள்ளக்குறிச்சியிலிருந்து வர வேண்டும், வழியில் தரைப்பாலத்தில் தண்ணீர் போகிறது, வடிந்தால்தான் வண்டி இறங்கும் என்றார் அவர்.

வெற்றிவேல் ஜாக்கியை முன் விளிம்புக்கு அடியில் வைத்துத் திருகினார். ஓடு ஏறவில்லை. ஜாக்கிதான் சேற்றில் இறங்கியது. பலகை வைத்துத் திருகினார். பலகையும் இறங்கியது. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார், விளிம்பு பெயர்ந்து கையோடு வந்தது. சம்மட்டியைத் தூக்கி ஓட்டின் பக்கவாட்டில் ஓங்கி ஓர் அடி அடித்தார். உள்ளே கம்பி வலை, உடையவில்லை. அதிர்ச்சியில் முன்பக்கம் இன்னும் ஒரு விரல் இறங்கியது.

"அடிக்காதீங்க! மேல கொட்டுது! அடிக்காதீங்க!"

வாலின் அடியிலிருந்த ஓட்டை வழியாக அவள் கை வெளியே வந்தது. வளையலில் சாந்து அப்பியிருந்தது. விரல்கள் எதையோ தேடுவதுபோல் மழையில் திறந்து திறந்து மூடின. பிச்சைமுத்து பின்வாங்கினார்.

"எதையும் முழுங்காம வுடாது," என்றார். "அன்னிக்கே சொன்னன்."

"யோவ், வாய மூடுய்யா!" வெற்றிவேல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "தைலா, எவ்ளோ இருக்குது தண்ணி?"

"இடுப்பு... இடுப்புக்கு வந்துட்டுது மாமா." மற்றவர்கள் முன்னால் அவள் மாமா என்று கூப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது. அதைக் கேட்டதும் அவர் அந்தக் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

அவள் கையைப் பிடித்தபடி நின்றபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. இந்த ஓட்டை நேற்று அவர் இடுப்பு உயரத்தில் இருந்தது. இப்போது நெஞ்சுக்கு நேரே இருந்தது.

"டீச்சர், வாலு ஏறியிருக்குது."

கோகிலவாணி கண்ணிலிருந்து தண்ணீரை வழித்துவிட்டுப் பார்த்தாள். "முன்னால எறங்குனா பின்னால ஏறும்ணா. நடுவுல குழாய் மேல இல்ல நிக்குது. ஏத்தம் மாதிரி." சொன்னவள் நின்றாள். "அண்ணா, முன்கால்ல ஒரு சந்து தொறந்து மூடுதுன்னு சொன்னீங்களே. எப்பத் தொறக்கும், எப்ப மூடும்?"

"இப்ப அது இன்னாத்துக்கு?"

"சொல்லுங்க!"

"காலையில மூடியிருக்கும். மதியானம் தொறக்கும். சாயங்காலம் தண்ணி ஊத்துனா..." அவர் வாய் அப்படியே நின்றது. "தண்ணி ஊத்துனா மூடிக்கும்."

"எதுல ஊத்துவீங்க?"

வெற்றிவேல் தலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். வைக்கோலும் சாக்கும் மழையைக் குடித்து, கன்று ஈன இருக்கும் மாட்டு வயிறுபோல் தொங்கின. காலையும் மாலையும் தண்ணீர் காட்டியபோதெல்லாம் அந்தப் பொதிதான் ஊறிப் பாரமாகி மூக்கை இறக்கியது. மதிய வெயிலில் காய்ந்து இலேசானதும் மூக்கு எழுந்தது. அவ்வளவு நுணுக்கமாகப் பின்னங்கால் மேல் ஓடு தராசாக நின்றிருந்தது. இன்று மழை ஒரேயடியாக ஊற்றியது. தாங்காத கால் உடைந்தது.

"அதப் பிரிக்கணும்ணா," என்றாள் கோகிலவாணி.

"கண்ணு தொறக்கல டீச்சர்." அதைச் சொன்னது பிச்சைமுத்து இல்லை, வெற்றிவேல்.

"கண்ணே இன்னும் எழுதல இல்ல?"

"குழி எடுத்தாச்சு. அது போதும்." அவர் குரல் அப்பாவின் குரலாக இருந்தது. எதிரே நிற்பது யார், கயிற்றை அறுக்கும்போது முதலில் அது பார்ப்பது யாரை என்று அவர் உடம்பு கணக்குப் போட்டது. கண்ணாடி வீட்டில் இருந்தது.

ஓட்டைக்குள் இருந்த கை சட்டென்று உள்ளே போயிற்று. இருமல் கேட்டது.

"தைலா?"

"வழுக்கிச்சு, எழ முடியல," என்றது குரல், எங்கேயோ கிணற்றுக்குள் இருப்பதுபோல். "மாமா, நெஞ்சு வரைக்கும்..."

வெற்றிவேல் கொத்தரிவாளை எடுத்துக்கொண்டு தலைக்கு முன்னால் போய் மண்டியிட்டார். பக்கவாட்டில் நின்று அறுத்திருக்கலாம். முடிச்சு முன்னால் இருந்தது. "என்னப் பாத்துக்கோ," என்றார் அதனிடம். கயிற்றை அறுத்தார்.

முதல் சுற்று பொத்தென்று விழுந்தது. அடுத்தது. கைக்கு வந்த வைக்கோலை வாரிப் பின்னால் எறிந்தார். கடைசிச் சாக்கு முகத்தோடு ஒட்டியிருந்தது. அதை உரித்தபோது இரண்டு வழுவழுப்பான குழிகள் அவரை நேருக்கு நேர் பார்த்தன, மழைத் தண்ணீர் அவற்றில் நிறைந்து வழிந்தது. அவர் கண்ணை மூடவில்லை. மூடினால் கையை எங்கே வைப்பது என்று தெரியாது.

விளிம்பு சேற்றிலிருந்து சப்பென்று ஒரு சத்தத்தோடு விடுபட்டது. ஒரு விரல் எழுந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

"பத்தல," என்றார். அழுகை வந்துவிட்டது. "டீச்சர், பத்தல."

"அத கீழ போடாதீங்கண்ணா! அதையே தூக்கி வால்ல போடுங்க!" கோகிலவாணி ஊறிய சாக்கு ஒன்றை இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். "முன்னால எடுத்தா ஒரு பங்கு. அதையே பின்னால வச்சா ரெண்டு பங்கு. வாலு நீளம், நுனியில போட்டா இன்னும் ஜாஸ்தி!"

தராசில் ஒரு தட்டிலிருந்து படிக்கல்லை எடுத்துக் கீழே வைப்பதும், எடுத்து அடுத்த தட்டில் வைப்பதும் ஒன்றல்ல. இரண்டாவதில் வித்தியாசம் இரட்டிப்பு. வெற்றிவேல் அதை மூட்டை எடை போடும்போது ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அறுந்த கயிற்றால் சாக்குகளைச் சேர்த்துக் கட்டி வாலின் நுனியில் தொங்கவிட்டார். கொட்டகையிலிருந்து சிமெண்டு மூட்டை ஒன்றைச் சுமந்து வந்து அதையும் கட்டினார்.

"பிச்சைமுத்தண்ணே! வந்து தொங்குங்க!"

பிச்சைமுத்து நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, நடந்து வந்து வாலைக் கட்டிப்பிடித்துத் தொங்கினார். வாய் மட்டும் ஏதோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வால் இறங்கியது. முன்பக்கம் எழுந்தது. யாரும் அதைத் தூக்கவில்லை, அது தானாக எழுந்தது. எழுந்த ஒவ்வொரு விரலுக்கும் வெற்றிவேல் விளிம்புக்கு அடியில் செங்கல்லைத் திணித்தார். கை நுழையும் இடம் வந்தது. தலை நுழையும் இடம் வந்தது. சேற்றுத் தண்ணீர் புரண்டது, அதன் நடுவிலிருந்து முதலில் ஒரு பூச்சுக் கரண்டி வெளியே வந்தது, பிறகு அதைப் பிடித்திருந்த கை.

அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தார். தைலம்மாள் வயிற்றில் தவழ்ந்து வெளியே வந்து, அவர் மடியில் விழுந்து, குடித்த தண்ணீரைக் கக்கினாள்.

"வுடலாமா?" என்று கேட்டார் பிச்சைமுத்து, கண்ணைத் திறக்காமலேயே.

"வுடாதீங்க! இன்னும் கடைசிக் கல்லு வைக்கல," என்றாள் கோகிலவாணி. வெற்றிவேல் கடைசிச் செங்கல்லையும் வைத்து இறுக்கினார். அதற்கப்புறம்தான் பிச்சைமுத்து கையை எடுத்தார்.

மறுநாள் அவர்கள் ஓட்டைப் பின்னங்கால்களோடு பூட்டினார்கள். முன்னங்கால்களைத் திரும்பவும் செய்தார்கள், ஆனால் அவற்றின் மேல் எந்தப் பாரத்தையும் ஏற்றவில்லை. வாலுக்குள் மணலும் கல்லும் போட்டு அடைத்தார்கள். முன்பக்கம் எவ்வளவு நனைந்தாலும் இறங்காதபடி, அதைவிடப் பின்பக்கம் எப்போதும் கனமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வெற்றிவேல் கண்ணாடியை எதிரே வைத்துக் கண் எழுதினார்; அந்த இடுக்கு அதன்பின் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை.